சூசைக்காக ஊதியவர்கள்

உங்கள் ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவை நேற்று சுற்றிப் பார்த்தேன். மூச்சை அளக்க ஒரு கருவி, அது தாளில் கோடு கிழித்துக் காட்டுகிறது. நடக்க வைக்கத் தனி இடம், ஏறி இறங்கப் படிகள், சுவரில் ஆளுயரக் கண்ணாடி. சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்? எங்கள் காலத்தில் இந்த வேலைக்கு இரண்டு கண்ணாடிப் பாட்டில்களும் என் இரண்டு கைகளும்தான் இருந்தன. ஆனால் உங்களில் ஒரு பெண் நோயாளியைக் கருவியின் முன்னால் உட்கார வைத்துவிட்டுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட ஆளைப் பார்க்கவில்லை. அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன், முதல் நாளே எதற்குப் பகை என்று விட்டுவிட்டேன். அதனால் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். கிழவிக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்தாலும் சரி, படித்துவிட்டு நினையுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நாகர்கோவிலை அடுத்த ஓர் ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோயாளிகளின் வார்டு என் பொறுப்பில் இருந்தது. ஆண்கள் வார்டில் ஒரு பெண் நிற்பதா என்று ஊரில் முணுமுணுத்தார்கள். எங்கள் டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, நானும் போட்டுக்கொள்ளவில்லை. நிமோனியாவுக்கு அன்று மருந்து என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. காய்ச்சல் நாள்கணக்கில் எரியும். பிறகு வியர்த்துக் கொட்டி இறங்கும், இல்லையென்றால் ஆளைக் கொண்டுபோகும். பிழைத்தவர்களில் சிலருக்கு விலாவுக்குள் சீழ் கட்டிக்கொள்ளும். டாக்டர் விலா எலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, ரப்பர்க் குழாய் வைத்துச் சீழை வடிய விடுவார். வடிந்து முடிந்தால் அந்தப் பக்கத்து நுரையீரல் சுருங்கிப்போய்க் கிடக்கும். அதை மறுபடி விரிய வைப்பது என் வேலை.

அதற்குத்தான் அந்தப் பாட்டில்கள். ஒன்றில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர், இன்னொன்று காலி. இரண்டையும் ஒரு குழாய் இணைக்கும். நோயாளி ஊத வேண்டும். ஊத ஊத தண்ணீர் இந்தப் பாட்டிலிலிருந்து அந்தப் பாட்டிலுக்குப் போகும். முழுக்கப் போனதும் மாற்றி வைத்து மறுபடி ஊத வேண்டும். பார்க்கச் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். விலாவில் ஓட்டை போட்ட ஆளுக்கு அது மலை ஏறுகிற வேலை.

சூசை எங்களிடம் வந்தது ஒரு கார்த்திகை மாதத்தில். குளச்சலுக்குக் கிழக்கே கடற்கரையில் ஓர் ஊர் அவனுக்கு. தம்பி லாசரும் அவனும் ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர்கள். கடலில் நனைந்த உடம்போடு மழையில் கிடந்து காய்ச்சல் கண்டு, இடது பக்கம் முழுக்கச் சீழ் கட்டியிருந்த அவனை ஊர்க்காரர்கள் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆள் பிழைப்பான் என்று நான் நினைக்கவில்லை. டாக்டரும் நினைக்கவில்லை என்று பிற்பாடு சொன்னார். அவன் மனைவி திரேசாள் மட்டும் வார்டு வாசலில் உட்கார்ந்து, வருகிற போகிற எல்லோரிடமும், "எனக்க மாப்பிள சரியாயிருவாரு" என்று வழக்குப் பேசுகிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிழைத்தான். பாட்டிலும் வந்தது. முதலில் தண்ணீர் அசையவே இல்லை. பிறகு ஒரு விரல் அளவு நகர்ந்தது. திடீரென்று ஒரு வாரத்தில் பாட்டில் பாட்டிலாக மாறத் தொடங்கியது. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். சுற்று வரும்போதெல்லாம் மற்ற நோயாளிகளிடம் சூசையின் பாட்டிலைக் காட்டிப் பேசினார். எனக்கு மட்டும் ஒன்று இடித்தது. இவ்வளவு ஊதுகிற ஆளின் இடது தோள் ஏன் இன்னும் சரிந்தே இருக்கிறது?

ஒரு மத்தியானம் நேரம் தப்பி வார்டுக்குள் போனேன். சூசை சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். லாசர் கட்டிலோரத்தில் உட்கார்ந்து கன்னம் புடைக்க ஊதிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஊர்க்காரர்கள் மூன்று பேர் அடுத்த முறைக்குக் காத்து நின்றார்கள்.

"என்னலே செய்யுதிய?" என்றேன்.

லாசர் வாயிலிருந்து குழாயை எடுக்காமலே பார்த்தான், பிறகு எடுத்தான். "அண்ணன் தூங்குதாரு, நர்ஸம்மா. எழுப்பாண்டாம்னு நாங்க ஊதுனோம்."

"நீங்க ஊதுனா அவருக்க நெஞ்சு எப்பிடி விரியும்?"

"அவரால முடியல்ல, எங்களால முடியும். தண்ணி அந்தப் பக்கம் போவணும், அவ்வளவுதானே? போயிட்டுல்லா."

ஏமாற்றுகிறோம் என்ற எண்ணம் அந்த முகத்தில் துளியும் இல்லை. செய்ய வேண்டிய வேலை ஒன்று கிடக்கிறது, அண்ணனுக்கு முடியவில்லை, தம்பி செய்கிறான். இதில் என்ன தப்பு என்றுதான் அவன் பார்வை கேட்டது. கோபமாகப் பேச வாயெடுத்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவரும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இத்தனை நாளும் நான் தண்ணீரைப் பார்த்திருக்கிறேன், சிஸ்டர். நோயாளியைப் பார்க்கவில்லை" என்றார்.

அன்றிலிருந்து பாட்டில் என் பூட்டுக்குள் போனது. ஊதும்போது நான் மட்டும் பக்கத்தில் இருப்பேன். சூசையின் இடது விலாவில், வடுவுக்குக் கீழே, என் உள்ளங்கையை வைத்து அழுத்துவேன். "எனக்க கையத் தள்ளு" என்பேன். அவ்வளவுதான் பயிற்சி. முதல் வாரம் என் கை நகரவில்லை. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வரும், எனக்கும் பாவமாக இருக்கும், கையை மட்டும் எடுக்க மாட்டேன். தை மாதம் முடிவதற்குள் கை நன்றாகவே எழும்பியது. தோளும் கொஞ்சம் நிமிர்ந்தது. வீட்டுக்கு அனுப்பினோம்.

அனுப்பும்போது டாக்டர் யோசித்தார். வீட்டுக்குப் போனால் காற்றுப்படாமல் மூலையில் போர்த்திப் படுக்க வைப்பார்கள், அதுதான் எல்லா வீட்டிலும் நடப்பது. நேராகக் கடலுக்கும் போகக்கூடாது. நடுவில் என்ன வேலை கொடுக்கலாம்? அந்தக் கரையில் கரைமடி இழுக்கிற வழக்கம் உண்டு என்று நான் சொன்னேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு பெரிய வலையை வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் நின்று இழுப்பார்கள். ஒரு கயிற்றுக்கே முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். ஒருவன் அம்பா என்கிற இழுப்புப் பாட்டைப் பாடுவான், மற்றவர்கள் பதில் பாடிக்கொண்டே பின்னால் நகர்ந்து இழுப்பார்கள். பாட்டுக்கு மூச்சு வேண்டும், இழுப்புக்குத் தோள் வேண்டும். கூட்டத்தோடு நிற்பதால் முடிந்த அளவு போதும். டாக்டருக்கு இது மிகவும் பிடித்துப்போனது. முதலில் மணலில் நடக்கட்டும், பங்குனியில் கயிற்றைப் பிடிக்கட்டும், கட்டுமரத்தைத் தன் உத்தரவில்லாமல் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

நான் வாரம் ஒரு நாள் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்க அந்தக் கடற்கரை ஊர்களில் ஒன்றுக்குப் போவேன், சூசையின் ஊருக்கு மட்டும் சில மாதமாகப் போக வாய்க்கவில்லை. வைகாசி மாதம் நான் கிளம்பும்போது டாக்டர் கூப்பிட்டார். ஆனி ஆடி நெருங்குகிறது, கடல் மோசமாக இருந்தாலும் மீன் படுகிற காலம். சூசை கடலுக்குப் போகலாமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறான், பார்த்துவிட்டு வா என்றார். உனக்குத் தோன்றுவதுதான் என் பதில் என்றும் சொன்னார். இந்த மாதிரி நம்பிக்கை வைக்கிற பெரியவர்களிடம் வேலை பார்ப்பது லேசில்லை. உங்களுக்கும் அப்படி ஒருவர் கிடைக்கட்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது கரைமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் நடுவில் சூசை. அம்பா பாடுவதே அவன்தான். குரல் கணீரென்று இருந்தது. முகத்தில் சதை பிடித்திருந்தது. திரேசாள் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "பாத்தியளா அக்கா? ரெண்டு மாசமா தெனமும் இழுக்காரு. ஒரு நாள்கூட விடல்ல. லாசர் நாளான்னைக்கு கட்டுமரத்த எறக்குகான்."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நின்று பார்த்தேன். பார்க்கப் பார்க்கப் பெருமை குறைந்தது.

இழுக்கிறவர்கள் குதிகாலை மணலில் குத்தி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தார்கள். ஒவ்வொருவர் காலடியிலும் குழி விழுந்தது. சூசை நின்ற இடத்தில் குழி இல்லை. சந்தையில் நடக்கிறவன் மாதிரி மணலில் பாதம் பதித்துப் பின்னால் நடந்துகொண்டிருந்தான். முன்னால் நின்ற லாசரும் பின்னால் நின்றவனும் அவன் பங்குப் பாரத்தையும் சேர்த்து இழுத்தார்கள், அவர்கள் கழுத்து நரம்பு புடைத்துக் கிடந்தது. சூசையின் கையில் கயிறு இருந்தது, பாரம் இல்லை. பாரம் இருக்கிற நெஞ்சிலிருந்து அப்படி நீட்டி நீட்டிப் பாட்டு வராது.

அந்தக் கரையில் ஒரு முறை உண்டு. கயிற்றில் கை வைத்தவன் எவனாக இருந்தாலும் அவனுக்கு மீனில் பங்கு உண்டு. கிழவன் வந்து கை வைத்தாலும் உண்டு, நோயாளி வந்து வைத்தாலும் உண்டு. யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். எத்தனையோ வீடுகளைப் பட்டினியிலிருந்து காப்பாற்றிய முறை அது, அதைப் பற்றி ஒரு சொல் குறைவாகச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நாங்கள் மருந்தாக எழுதிக் கொடுத்த கயிற்றை அவர்கள் அந்த முறைப்படியே சூசையின் கையில் கொடுத்திருந்தார்கள். டாக்டரும் நானும் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். எங்களுக்குத் தோன்றவில்லை.

பின்னால் நகர்ந்து கயிற்றின் வாலுக்கு வந்தவர்கள் அதை விட்டுத் தண்ணீரோரம் போய் மறுபடி பிடிப்பார்கள், லாசர் அப்படித் திரும்பும்போது தனியாகக் கூப்பிட்டேன்.

"அண்ணன் இழுக்கல்ல, நீங்க இழுக்கிய."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மேலு சுகமில்லாத மனுசன், நர்ஸம்மா. அவரு தொட்டா போரும். கயித்துல எல்லாரும் ஒண்ணுதானே. யாரு இழுத்தா என்ன, மடி கரைக்கு வந்தாச் சரி."

"கயித்துல நாப்பது பேரு. மரத்துல எத்தன பேருலே?"

"அண்ணனும் நானுந்தான்."

"அலை ஒடைகிற எடத்துல மரம் கவுந்துட்டுன்னா யாரு அவருக்கு மூச்சுப் புடிப்பா? நீ புடிப்பியா? இல்ல இந்த நாப்பது பேரும் நீந்தி வருவாவளா?"

அவன் கடலைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "நான் என்ன செய்யணும்?" என்றான்.

சொன்னேன். மாட்டேன் என்றான். சூசைக்குப் பின்னால் நிற்கிறவனிடம் போய்ப் பேசினான், அவனும் மாட்டேன் என்றான். எனக்கும் அதைச் சொல்ல நாக்கு கூசியது. டாக்டரிடம் போய் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பாவத்தை நான் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நான் அந்தப் பக்கம் போனதும் அவர்கள் மரத்தை இறக்கிவிடுவார்கள். பாட்டு கணீரென்று வருகிற ஆளைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்காரிக்கு என்ன தெரியும் என்பார்கள். சூசை தன் கண்ணால் பார்த்தால் ஒழிய நிற்க மாட்டான். லாசர் கடைசியில் கயிற்றுக்குப் போனான். அம்பா நடந்துகொண்டிருக்கும்போதே அவனும் பின்னால் நின்றவனும் பிடியைத் தளர்த்தினார்கள்.

அலை பின்வாங்கியபோது கயிறு சூசையைத் தண்ணீரை நோக்கி இரண்டு எட்டு இழுத்தது. பாட்டு நடுவில் அறுந்தது. ஆள் விடவில்லை, குதிகாலைக் குத்தினான், இழுத்தும் பார்த்தான். கொஞ்ச நேரம்தான். முழங்கால் மடிந்து மணலில் உட்கார்ந்துவிட்டான். உதடு கறுத்துப்போய், இருமல் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடினான். லாசரும் பின்னால் நின்றவனும் பாய்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து விலாவில் கை வைத்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தான்.

"லே லாசரு... இத்தன நாளும் நான் இழுக்கல்லியா?"

அவனுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு மாதமாக வலை கரைக்கு வந்தபோதெல்லாம் தானும் இழுத்தேன் என்று நம்பியிருக்கிறான். சூசை எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான். அன்று பங்கு கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கவில்லையாம். கரையில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றும் மறக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு அழுதேன்.

அந்த ஆனி ஆடியில் லாசர் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டு கடலுக்குப் போனான். சூசை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். நான் போனால் பின்வாசல் வழியாக இறங்கிப் போவான். பயிற்சியை நடத்தியது திரேசாள். ஊருக்குக் குடிதண்ணீர் மேட்டுக்கு அப்பால் ஒரு கிணற்றிலிருந்து வர வேண்டும். செம்மண் மேடு, நல்ல ஏற்றம். அந்தக் குடத்தைக் கணவன் தோளில் வைத்தாள். ஆண்பிள்ளை தண்ணீர் சுமக்கிறதைப் பார்த்து ஊர் சிரித்தது. சிரித்தவர்களாவது பரவாயில்லை. பரிதாபப்பட்டு, "கொண்டா சூசை, நான் வச்சித் தாறேன்" என்று குடத்துக்குக் கை நீட்டியவர்கள்தான் அவளுக்கு எதிரிகள்.

"அவருக்க கையில இருந்து ஆராவது எதையாவது வாங்குனியள்னா, எனக்க வாயில இருந்து நல்லா வாங்கிக் கெட்டுவிய" என்று தெருவில் நின்று சொல்லியிருக்கிறாள். சொன்னதைச் செய்கிறவள் என்று எல்லோருக்கும் தெரியும். ராத்திரி அவன் விலாவில் கை வைத்து, வார்டு வாசலிலிருந்து நான் செய்ததைப் பார்த்திருந்தபடியே, தள்ளச் சொல்லியிருக்கிறாள். முதலில் அரைக் குடம், மேட்டில் இரண்டு இடத்தில் நின்று நின்று. பிறகு முக்கால். பிறகு நிற்காமல். மழைக்காலம் முழுக்க அவள் ஊரோடும் கணவனோடும் சண்டைதான். எங்களிடம் படித்த நர்ஸ்கள் யாரும் ஒரு நோயாளிக்காக அவ்வளவு கெட்ட பேர் வாங்கியதில்லை, நான் உட்பட.

கடல் அடங்கி, மறுபடி கரைமடி போடத் தொடங்கினார்கள். சூசை கயிற்றுக்கு வந்தான். நான் அன்று வந்தது ஒரு பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில். தள்ளி நின்றுதான் பார்த்தேன். பாட்டு வேறொருவன் பாடினான். சூசையின் காலடியில் குழி விழுந்தது. ஆனாலும் எனக்கு நிச்சயமில்லை. முன்னும் பின்னும் நிற்கிறவர்கள் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்று தூரத்தில் நின்று எப்படிச் சொல்வது? மறுபடி ஒரு தடவை கயிற்றைத் தளர்த்தச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

அப்போது சூசைக்குக் கால் தப்பியது. இழுப்பில் ஒரு தாளம் பிந்தினான். பின்னால் நின்ற வின்சென்ட் என்பவன் யோசிக்காமல் கத்தினான்: "லே சூசை, கயித்துல தொங்கிக்கிட்டா கெடக்க? காலக் குத்தி இழுலே."

அம்பா சட்டென்று நின்றது. நோயில் விழுந்த நாளிலிருந்து அந்த ஊரில் யாரும் சூசையை ஏசியதில்லை. வின்சென்டே நாக்கைக் கடித்துக்கொண்டான். லாசர் திரும்பிப் பார்த்தான். திரேசாள் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள்.

சூசை கயிற்றை விடவில்லை. குதிகாலை இன்னும் ஆழமாகக் குத்தி, இழுத்துக்கொண்டே, தலையை மட்டும் திருப்பினான். "ஒனக்க அப்பன் கயிறு புடிச்ச லெட்சணம் இந்தக் கரைக்கே தெரியும்லே" என்று தொடங்கினான். அங்கிருந்து வின்சென்டின் பாட்டன், அவனுடைய கிழிந்த வலை, அவன் பெண் எடுத்த வீடு, அவனுடைய மாமியார் என்று ஒவ்வொருவராக எடுத்து, யாரையும் விடாமல், நடுவில் ஒரு மூச்சுகூட எடுக்காமல் ஏசி முடித்தான். அந்தச் சொற்களில் பாதியை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. முடித்த பிறகு ஒரே ஒரு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, "இப்ப இழுலே" என்றான்.

நாற்பது பேரும் சிரித்த சிரிப்பில் கயிறு ஆடியது. வின்சென்ட் சிரித்த அளவுக்கு யாரும் சிரிக்கவில்லை. திரேசாள் மணலில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவளும் சிரிக்கிறாள் என்று நினைத்துக் கிட்டப் போனேன். அழுதுகொண்டிருந்தாள்.

டாக்டரிடம் வந்து, சூசை கடலுக்குப் போகலாம் என்றேன்.

"எப்படிப் பார்த்தாய், சிஸ்டர்?"

"இழுத்துக்கொண்டே ஒரே மூச்சில் ஒருவனை ஏசினான், சார். நீளமாக."

"என்ன ஏசினான்?"

"அதை உங்களிடம் சொல்ல முடியாது."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை. அந்த வாரமே சூசையை வரவழைத்து, முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், தட்டிப் பார்த்தார், போகலாம் என்றார். சூசை என்னோடு அப்போதும் அதிகம் பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "நர்ஸம்மா, அண்ணைக்கு நீங்க கயித்த விடச் சொல்லல்லன்னா..." என்று தொடங்கி, முடிக்காமல் போய்விட்டான்.

அடுத்த வாரம் நான் ஊருக்குப் போனபோது திரேசாள் ஒரு சீலா மீனோடு வண்டியடியில் காத்து நின்றாள். அண்ணனும் தம்பியும் பிடித்தது என்றாள். எப்படிப் போனார்கள் என்று கேட்டேன்.

"மரம் அலையத் தாண்டுகது வர நான் கண்ணெடுக்கல்ல, அக்கா" என்றாள். "லாசர் அவனுக்க பக்கத்துத் துடுப்ப மட்டுந்தான் போட்டான்."